பச்சை நிறம் வந்தால் போதுமா?

எங்கட பக்கத்தில் ஒருவர் 'காட் படிச்சிருக்கிறன்' என்று சொன்னால் அது பெரும்பாலும் ஓட்டோகாட்டாகத்தான் இருக்கும். ஏ.எல் எழுதிவிட்டு றிசல்ட் வரும்வரைக்கும் இருக்கிற இடைவெளியில், "சும்மா வீட்டில கிடக்காமல் ஒரு கோர்ஸ் எண்டாலும் செய்யன்" என்று அம்மா துரத்த, ஏதோவொரு கணினி நிலையத்துக்கு மூன்று மாதம் போய், ஒரு வீட்டுப் படத்தைப் பார்த்து அப்படியே கீறி முடித்து, சான்றிதழை லமினேற் பண்ணி வைத்திருப்போம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிரதேச சபைக்கு வீட்டுப் படம் கீறிக் கொடுக்கிறவர்களிடம் அந்தச் சான்றிதழோடு வேலைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

நான் கதைக்க வந்தது அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி. 3டி பிரிண்டர், லேசர் கட்டிங், சி.என்.சி என்று இப்போது கனபேருக்கு ஆசை வந்திருக்கிறது. ஏ.எல்லில் 2013இல் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கியதற்குப் பிறகு, கணிதப் பிரிவுக்குப் போகாத பிள்ளைகளும் இந்தப் பக்கம் வருகிறார்கள். ப்ரீகாட், பியூஷன், சொலிட்வேர்க்ஸ் என்று ஏதாவது ஒன்றைத் திறக்கிறார்கள். திறந்து அரை மணித்தியாலத்துக்குள் ஒரு இடத்தில் தடக்குப்படுகிறார்கள். கீறின கோடு இழுக்க இழுக்க ஓடுகிறது. அதை நிப்பாட்ட ஏதோ ஒரு சின்னப் படத்தை அமத்தினால், வேறொரு கோடு எங்கேயோ போய் விழுகிறது. இன்னொன்றை அமத்தினால் எல்லாம் சிவப்பாகிக் கத்துகிறது. அந்தச் சின்னப் படங்களுக்குத்தான் ஸ்கெட்ச் கொன்ஸ்ட்ரெயின்ட் என்று பேர்.

தமிழில் இதைக் 'கட்டுப்பாடு' என்று சொல்லலாம். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. எங்கட காதில் அது ஆறு மணிக்கு முதல் வீட்டுக்கு வா என்கிற மாதிரித்தான் கேட்கும். 'நிபந்தனை' நல்லம். கேத்திரகணிதத்தில் ஏற்கனவே பழகின சொல். இந்த இரண்டு கோடும் சமாந்தரம், இந்தக் கோடு அந்த வட்டத்துக்குத் தொடலி, இந்த ஆரையும் அந்த ஆரையும் சமன், இந்தப் புள்ளி அந்தக் கோட்டில் கிடக்கிறது. ஓ.எல் கணிதத்தில் 'தரவு' என்று எழுதி நிறுவல் தொடங்குவோமே, அதேதான். வித்தியாசம் என்னவென்றால், அங்கே நிபந்தனைகளை வைத்து நாங்கள் நிறுவுவோம். இங்கே நிபந்தனைகளை வைத்துக் கணினி படத்தைக் கீறும்.

இதை ஒரு புதிய வசதி என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் கணினியில் படம் கீறுவது தொடங்கினதே இதோடுதான். 1963இல் ஐவன் சதர்லண்ட் எம்.ஐ.ரியில் தன்னுடைய கலாநிதிப் பட்டத்துக்காகச் செய்த 'ஸ்கெட்ச்பாட்' என்ற நிரலில் லைட் பென்னால் திரையில் கோணல்மாணலாகக் கோடு கீறி, இவை சமாந்தரமாக இருக்கவேணும், இவை சம நீளமாக இருக்கவேணும் என்று சொன்னால் படம் தானாகவே நிமிர்ந்துகொள்ளும். ஓட்டோகாட் வந்தது அதற்கு 19 வருடத்துக்குப் பிறகு, 1982இல். அதில் நிபந்தனைகள் சேர்ந்தது 2010 பதிப்பில். நாங்கள் படிக்கிற ஒழுங்கு தலைகீழ். பின்னுக்கு வந்த மேசைப் பென்சில் முறையை முதலில் படித்துவிட்டு, முதலில் வந்ததைப் பிறகு ஒரு கரைச்சலாகச் சந்திக்கிறோம்.

என்னுடைய கருத்து இதுதான்: காட் படிப்பிக்கிற எவரும் நிபந்தனைகளை முதல் கிழமையிலேயே, அதுவும் 'ஏன்' என்ற கேள்வியோடு படிப்பிக்கவேணும். இப்போது நடப்பது அப்படியில்லை. நான் பார்த்த தமிழ் யூரியூப் வீடியோக்களில் முக்கால்வாசி, எந்தப் பொத்தானை அமத்தினால் ஸ்கெட்ச் பச்சையாகும் என்பதோடு நிற்கின்றன. ப்ரீகாட்டில் ஒரு ஸ்கெட்ச் முழுதாக வரையறுக்கப்பட்டால் பச்சையாகும். சொலிட்வேர்க்ஸில் நீலம் கறுப்பாகும். அந்த நிறம் வந்தவுடன் வேலை முடிந்தது என்று எல்லாரும் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறார்கள்.

நிறம் என்ன சொல்கிறது என்று விளங்க ஒரு படலையை எடுத்துப் பாருங்கோ. நாலு மரச்சட்டத்தை மூலைக்கு ஒரு ஆணி வீதம் அடித்துப் பொருத்தினால் அது செவ்வகமாக நிற்காது. ஒரு பக்கத்தால் தள்ளினால் சரிந்து இணைகரமாகிவிடும். சட்டங்களின் நீளம் ஒன்றும் மாறவில்லை, ஆனால் வடிவம் மாறிவிட்டது. இதுதான் ப்ரீகாட்டில் கோடு இழுக்க இழுக்க ஓடுகிற நிலை. அதுக்காகத்தான் மேசன்மாரும் தச்சுவேலைக்காரரும் மூலைக்கு மூலை சரிவாக ஐந்தாவது சட்டம் ஒன்றை அடிக்கிறார்கள். அது வந்தவுடன் படலை இறுகிவிடும். பச்சை.

இப்போது அழகுக்காக மற்ற மூலைவிட்டத்துக்கும் ஆறாவது சட்டம் ஒன்றை அடிக்க நினைக்கிறீர்கள். அந்தச் சட்டத்தின் நீளத்தை நீங்கள் தீர்மானிக்க ஏலாது. மற்ற ஐந்தும் சேர்ந்து அதை ஏற்கனவே தீர்மானித்துவிட்டன. அளந்து சரியாக வெட்டினால் பொருந்தும், ஆனால் வடிவத்தைப் பற்றிப் புதிதாக ஒன்றும் சொல்லாது. மென்பொருள் இதை 'தேவைக்கு மேலதிகம்' என்று சொல்லும். அரை இஞ்சி கூட வெட்டினால் ஏறவே ஏறாது, அடித்து ஏற்றினால் வேறு எங்கேயோ வெடிக்கும். மென்பொருள் இதை 'முரண்' என்று சொல்லும். சிவப்பாகிக் கத்துகிற கத்தல் அவ்வளவுதான். உங்களைத் திட்டவில்லை. ஆறாவது சட்டத்தின் நீளத்தை நீங்கள் எழுதப் பார்த்திருக்கிறீர்கள். அந்த எண் உங்களுக்குப் படத்தில் தெரியவேணும் என்றால், அதைக் கட்டளையாக இல்லாமல் வெறும் தகவலாக, 'ரெபரன்ஸ்' அளவாகப் போடலாம். சத்தம் நின்றுவிடும்.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. நாலு மூலை, ஒவ்வொன்றும் கிடையாகவும் நிலைக்குத்தாகவும் அசையலாம் என்றால் மொத்தம் 8 வழி. முழுப் படலையையும் தூக்கி இரண்டு திசையில் நகர்த்துவதும் ஒரு சுற்றுத் திருப்புவதும் வடிவத்தை மாற்றாது, ஆகவே 3ஐக் கழியுங்கோ. மிச்சம் 5. ஐந்து சட்டம். அதாவது மூலைகளின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி மூன்றைக் கழிக்கவேணும். எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் காணாது, சட்டங்கள் சரியான இடங்களில் பரவியிருக்கவும் வேணும். இதை ஒரு தேற்றமாக 1970இல் நிறுவியவர் ஜெராட் லமன், தேற்றமும் அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் ஹில்டா பொலாசெக் கைரிங்கர் என்ற கணிதவியலாளர் 1927இலேயே அதைச் செய்துவிட்டார். ஒரு பெண் செய்த வேலை நீண்ட காலம் மறந்துபோய்க் கிடந்தது என்பதை இந்த இடத்தில் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

மென்பொருளில் கணக்கு கொஞ்சம் வேறு மாதிரி வரும். ஒரு கோட்டுக்கு இரண்டு முனை, ஆகவே 4 வழி. வட்டத்துக்கு மையம் இரண்டு, ஆரை ஒன்று, ஆகவே 3. ஒரு செவ்வகத்துக்கு நாலு கோடு, 16. நாலு மூலையையும் ஒட்டினால் மூலைக்கு 2 வீதம் 8 போய்விடும். இரண்டு கோடு கிடை, இரண்டு கோடு நிலைக்குத்து என்றால் இன்னும் 4 போய்விடும். மிச்சம் 4. நீளம், அகலம், தாளில் எங்கே கிடக்கிறது என்பதற்கு இரண்டு. இந்தக் கணக்கைத் தாளில் ஒரு பத்துத் தரம் செய்து பார்த்தவருக்கு 'இன்னும் 2 சுதந்திரம் மிச்சம்' என்று மென்பொருள் சொன்னால், எந்த இரண்டு என்று தேடத் தெரியும். செய்து பார்க்காதவர் கண்டபடி அளவு போட்டுக்கொண்டிருப்பார்.

பச்சையாக்கிறதுக்குக் குறுக்கு வழிகளும் இருக்கின்றன. ப்ரீகாட்டில் 'புளொக்' என்று ஒன்று, கோடு நிற்கிற இடத்திலேயே ஆணி அடித்துவிடும். சொலிட்வேர்க்ஸில் முழு ஸ்கெட்சையும் தானாக வரையறுத்துவிடுகிற ஒரு பொத்தானே இருக்கிறது. இல்லாவிட்டால் ஒவ்வொரு மூலைக்கும் குறுக்கே எவ்வளவு, நெடுக்கே எவ்வளவு என்று எண்ணைப் போட்டுப் போட்டே பச்சையாக்கலாம். இதெல்லாம் பாஸ் பேப்பரின் விடையை மனப்பாடம் பண்ணுகிற வேலை. கேள்வியில் ஒரு எண் மாறினால் விடை பிழைத்துவிடும்.

ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். வயல்களில் தண்ணி இறைக்கிற பம்புக்குக் குழாய் பொருத்துகிற இடத்தில் ஒரு வட்டத் தட்டு இருக்கும், பிளாஞ்ச் என்று சொல்வார்கள். நடுவில் பெரிய துளை, சுற்றிவர நாலு போல்ட் ஓட்டை. இதை ஒருவர் எண் போட்டே கீறுகிறார். நாலு ஓட்டை, ஒவ்வொன்றுக்கும் மையத்துக்கு இரண்டு எண், விட்டத்துக்கு ஒரு எண். மொத்தம் 12 எண். ஸ்கெட்ச் பச்சை. அளவும் சரி. அச்சடித்தால் பொருந்தும்.

இன்னொருவர் முதலில் ஒரு உதவி வட்டம் கீறுகிறார். அது வெட்டுப்படாது, கணக்குக்கு மட்டும். அதன் மையத்தை உற்பத்திப் புள்ளியில் வைக்கிறார். நாலு ஓட்டையின் மையமும் அந்த வட்டத்தில் கிடக்கிறது. இரண்டு கிடை அச்சில், இரண்டு நிலைக்குத்து அச்சில். நாலு ஓட்டையும் ஒரே அளவு. கணக்கைப் பாருங்கோ: நாலு ஓட்டைக்கு 12, உதவி வட்டத்துக்கு 3, மொத்தம் 15. மையத்தை வைத்தது 2, வட்டத்தில் கிடப்பது 4, அச்சுகளில் கிடப்பது 4, சமன் 3. 13 போய்விட்டது. மிச்சம் இரண்டே இரண்டு எண்: உதவி வட்டத்தின் விட்டம், ஓட்டையின் விட்டம். குழாய் பிளாஞ்சில் ஓட்டைகள் வழமையாக நடுக்கோட்டில் விழாமல் இரண்டு பக்கமும் விலகித்தான் இருக்கும், அது வேணுமென்றால் செய்து முடித்த தட்டை 45 பாகை திருப்பினால் சரி.

இரண்டு ஸ்கெட்சும் பச்சை. இரண்டிலும் இருந்து வருகிற தட்டு ஒரே தட்டு. அடுத்த கிழமை வேறொரு பம்போடு ஒருவர் வந்து, "தம்பி, இதுக்கும் அதே மாதிரி ஒண்டு, ஆனால் கொஞ்சம் பெரிசு" என்று சொல்லும்போதுதான் வித்தியாசம் தெரியும். இரண்டாவது ஆள் ஒரு எண்ணை மாற்றிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகலாம். முதலாவது ஆள் எட்டு எண்ணை மாற்றவேணும், அதில் ஒன்றை மறந்தாலும் ஸ்கெட்ச் பச்சையாகவே இருக்கும். அதுதான் பயங்கரம். மென்பொருள் ஒரு வார்த்தையும் சொல்லாது. ஏனென்றால் நாலு ஓட்டையும் ஒரு வட்டத்தில் இருக்கவேணும் என்று அதற்கு யாரும் சொல்லவேயில்லை.

எங்கட ஊருக்கு இந்த விசயம் வெளிநாட்டை விட முக்கியம் என்று நான் நினைக்கிறேன். அங்கே ஒரு கம்பனி ஒரு பொருளைப் புதிதாக வடிவமைக்கும். இங்கே ஒரு இளம் ஆளுக்குக் கிடைக்கிற முதல் வேலை, பெரும்பாலும் உடைந்த பொருளைப் பார்த்து இன்னொன்று செய்வது. லாண்ட்மாஸ்டரில் உடைந்த ஒரு பிராக்கெட், தையல் மெசினில் தேய்ந்த ஒரு பற்சக்கரம், இறக்குமதி நின்றுபோன ஏதோ ஒரு மூடி. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 350ஐத் தாண்டினபோது, புதுசு வாங்குகிற கதையையே விட்டுவிட்டுப் பழசைத் திருத்தின வீடுகள் எத்தினை.

உடைந்த பொருளை வேணியர் இடுக்கியால் அளக்கும்போது என்ன நடக்கிறது? ஒரு பக்கம் 49.8 மி.மீ. மற்றப் பக்கம் 50.1. மூன்றாவது 49.9. ஒரு ஓட்டை 11.1, மற்ற ஓட்டை தேய்ந்து முட்டை வடிவமாகி ஒரு பக்கத்தால் 11 ஆகவும் மறு பக்கத்தால் 11.7 ஆகவும் இருக்கிறது. பச்சைக்காக வேலை செய்கிறவர் இந்த எண்களை அப்படியே ஸ்கெட்சுக்குள் போடுவார். அளந்ததுதானே, சரியாகத்தானே இருக்கும். ஆனால் அவர் கீறுவது அந்தப் பிராக்கெட்டை இல்லை, அந்தப் பிராக்கெட் பத்து வருடம் பட்ட அடியை. தேய்மானமும் வளைவும் கை நடுக்கமும் எல்லாம் சேர்ந்து புதுப் பொருளுக்குள் போய்விடும்.

நிபந்தனையோடு யோசிக்கிறவர் அளந்துவிட்டு ஒரு கேள்வி கேட்பார்: இதைச் செய்தவன் என்ன நினைத்தான்? மூன்று பக்கமும் சமன் என்று நினைத்திருப்பான், 50 என்று நினைத்திருப்பான். இதுக்குள் போகிறது 10 மி.மீ போல்ட், அதற்கு வழமையாக விடுகிற ஓட்டை 11. அப்ப இரண்டு ஓட்டையும் சமன், 11. ஒரு அளவு 12.68 என்று வந்தால் அது மி.மீட்டரில் நினைத்த ஆள் இல்லை, அரை இஞ்சி என்று நினைத்த ஆள், 12.7. எங்கட தச்சர் அதை நாலு நூல் என்பார். இந்த ஊகங்கள்தான் உண்மையான வேலை. சமன், சமச்சீர், ஒருமையம் என்ற அந்தச் சின்னப் படங்கள் இந்த ஊகங்களை எழுதி வைக்கிற எழுத்து. ஊகம் பிழைக்கலாம். பிழைத்தாலும் எந்த ஊகம் பிழைத்தது என்று திரும்பிப் போய்ப் பார்க்கக்கூடிய மாதிரி அது ஸ்கெட்சுக்குள் இருக்கும்.

லேத் பட்டறைகளில் நிற்கிற அண்ணைமாருக்கு இது புதினமில்லை. அவர்கள் கார்ட்போட் மட்டை ஒன்றைக் கிழித்துப் பென்சிலால் ஒரு கோணல் வட்டம் கீறி, மூன்று எண்ணும் 'சென்ரர்' என்று ஒரு சொல்லும் எழுதி வேலையை முடித்துவிடுவார்கள். வட்டம் வட்டமாக இல்லை, கோடு நேராக இல்லை, ஆனால் தேவையான நிபந்தனை எல்லாம் அந்த மட்டையில் இருக்கிறது, தேவையில்லாதது ஒன்றுகூட இல்லை. சதர்லண்டின் திரையில் நிமிர்ந்த படத்துக்கும் இந்த மட்டைக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. கணினி நிலையத்தில் படித்து வருகிற பெடியன் பெட்டையள் அந்த மட்டையைப் பார்த்துச் சிரிக்காமல் இருந்தால் கனக்கப் படிக்கலாம்.

பழகத் தொடங்குகிறவர்களைப் பயப்படுத்துகிற இன்னொரு விசயம், எண்ணை மாற்றினவுடன் படம் குத்துக்கரணம் அடிப்பது. 20ஐ 200 ஆக்கினேன், முக்கோணி தலைகீழாகப் போய்விட்டது, மென்பொருள் பிழை என்று சொல்லிவிட்டு விட்டுவிடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் முக்கோணிகள் ஒருங்கிசைய நிபந்தனை படித்தோம். ப.கோ.ப சரி. ப.ப.ப சரி. ஆனால் இரண்டு பக்கமும் அவற்றுக்கு இடையில் இல்லாத ஒரு கோணமும் தந்தால் சரிவராது என்று ரீச்சர் சொன்னார். ஏன் என்று அப்ப நாங்கள் பெரிதாகக் கேட்கவில்லை. காரணம், அந்தத் தரவுக்கு இரண்டு வேறு முக்கோணி வரலாம். ப.ப.பக்குக்கூட ஒரு கண்ணாடி விம்பம் இருக்கிறது. மென்பொருளுக்கு இரண்டு விடையும் சரி. அது கோடுகள் இப்போது நிற்கிற இடத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தித்தான் விடையைத் தேடும், ஆகவே கிட்ட இருக்கிற விடையில் போய் நிற்கும். நீங்கள் தூரப் பாய்ந்தால் எது கிட்ட என்பது மாறிவிடும்.

இதிலிருந்து சில பழக்கங்கள் தானாக வருகின்றன. முதலில் உண்மையான அளவுக்குக் கிட்டவாகவே கீறவேணும், ஒரு மீற்றர் தட்டை 5 மி.மீக்குக் கீறிவிட்டு எண் போடக்கூடாது. கிடை, நிலைக்குத்து, சமன், தொடலி எல்லாம் முதலில், எண்கள் கடைசியில். உற்பத்திப் புள்ளியைச் சமச்சீரின் நடுவில் வைத்தால் பாதி நிபந்தனை மிச்சம். ஒரே ஸ்கெட்சுக்குள் முழுப் பொருளையும் அடைக்காமல் சின்னச் சின்ன ஸ்கெட்சாகப் பிரிக்கவேணும். ஒரு நிபந்தனை போட்டவுடன் கோட்டைப் பிடித்து இழுத்துப் பார்க்கவேணும், எது அசைகிறது, எது அசையவில்லை என்று. இழுத்துப் பார்க்கிற பழக்கம் ஒன்று போதும் என்றுகூடச் சொல்வேன்.

எதிர்க் கருத்தும் இருக்கிறது, நியாயமானதுதான். எல்லா ஸ்கெட்சையும் முழுதாக வரையறுக்கவேணும் என்று சட்டமில்லை. ஒரு யோசனையைப் பிடிக்கிற நேரத்தில் கோடுகள் ஆடட்டும், அங்கே பச்சை ஒரு இடைஞ்சல். பெயர்ப்பலகைக்கு எழுத்து வெட்டுகிறவருக்கும் கோலம் மாதிரி ஒரு அலங்காரத்தை லேசரில் வெட்டுகிறவருக்கும் நிபந்தனையால் பெரிய பிரயோசனம் இல்லை. ஒரே ஒரு தரம் செய்கிற பொருளுக்கு 12 எண் போட்டு முடிப்பதும் குற்றமில்லை. நான் சொல்வது எதை வேணுமென்றே ஆட விட்டிருக்கிறோம் என்று தெரிந்திருக்கவேணும் என்பது. நீலமாக இருக்கிற ஸ்கெட்சைக் காட்டி, "இந்த அகலம் இன்னும் முடிவாகேல்ல, அதால விட்டிருக்கிறன்" என்று சொல்கிற மாணவி, ஏன் பச்சையானது என்று சொல்லத் தெரியாதவரை விட எனக்கு முன்னுக்கு நிற்கிறார்.

எந்த மென்பொருள் என்ற கேள்வியும் கட்டாயம் வரும். பியூஷனின் இலவசத் தனிப்பட்ட பாவனையில் ஒரு நேரத்தில் 10 கோப்பைத்தான் திருத்தக்கூடிய நிலையில் வைத்திருக்கலாம். ஒன்ஷேப்பின் இலவசக் கணக்கில் நீங்கள் செய்வது எல்லாருக்கும் திறந்துதான் கிடக்கும். கிறாக் பண்ணின சொலிட்வேர்க்ஸில் படிக்கலாம், ஆனால் அதை வைத்துத் தொழில் தொடங்க ஏலாது. ப்ரீகாட் 2002இல் தொடங்கி, 2024 நவம்பரில்தான் 1.0 என்ற எண்ணைத் தொட்டது. முரட்டுத்தனம் இன்னும் இருக்கிறது, ஆனால் கோப்பு உங்கட கோப்பு. இன்னும் சின்னதாக வேணுமென்றால் சொல்வ்ஸ்பேஸ் இருக்கிறது. அதில் நிபந்தனையை விட்டுவிட்டு ஒளிய இடமே இல்லை, அதனால் பழகுகிறவருக்கு நல்லது.

கோப்பைப் பற்றிச் சொன்னதுக்குக் காரணம் இருக்கிறது. ஒரு மென்பொருளில் இருந்து இன்னொன்றுக்குப் பொருளை அனுப்ப வழமையாக ஸ்டெப் என்ற கோப்பு வகையைப் பாவிப்பார்கள். அதில் வடிவம் அப்படியே போகும். நிபந்தனைகள் போகாது. அந்தப் பக்கம் திறக்கிறவருக்கு உயிரில்லாத ஒரு கட்டி கிடைக்கும், நாலு ஓட்டை ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்று அதில் எழுதியிருக்காது. ஆகவே, பட்டறையில் இருக்கிறவருக்கு ஒரு பொருளைச் செய்து கொடுக்கிறீர்கள் என்றால், ஸ்கெட்ச் உள்ள மூலக் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கோ. அவர் திறக்கக்கூடிய மென்பொருளில் கொடுங்கோ. எண்களுக்கு 'போல்ட்_வட்டம்', 'துளை' என்று பேரும் வைக்கலாம், ப்ரீகாட் அதைத் தமிழில் ஏற்காவிட்டால் ஆங்கில எழுத்தில் என்றாலும் வைக்கலாம். நீங்கள் கனடாவுக்கோ கொழும்புக்கோ போன பிறகும் அவருக்கு அந்தத் தட்டு தேவைப்படும்.

கோர்ஸ் நடத்துகிறவர்களுக்கு ஒரு யோசனை. கடைசிப் பரீட்சைக்கு ஒரு படத்தைக் கொடுத்து 'இதைக் கீறு' என்று சொல்வதோடு நிற்காமல், மாணவர் கீறி முடித்த பிறகு அவரின் கோப்பைத் திறந்து, அவர் பார்த்துக்கொண்டிருக்க மூன்று எண்ணை மாற்றுங்கோ. தட்டின் விட்டம், ஓட்டையின் அளவு, தடிப்பு. பிறகு மாணவரிடம் ஒரு கேள்வி: நான் மாற்றியதில் எது அசையக்கூடாது என்று நினைத்தீர், அதை எங்கே எழுதினீர்? ஆளுக்குப் பத்து நிமிடம் காணும். ஓட்டை தட்டுக்கு வெளியே போய் விழுந்தால் அதை அவரே பார்த்துக்கொள்வார். அடுத்த பட்ச் தொடங்க முதல் ஒரு நிலையமாவது இதைச் செய்து பார்க்கட்டும்.